பெருநகரத்தின் பெயரில் பல விமான நிலையங்கள்: எதில் இறங்குவது, எப்படி ஊருக்குள் போவது, எப்போது திரும்பக் கிளம்புவது?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒரு பெருநகரத்துக்கு விமானச் சீட்டு தேடினால் அந்நகரத்தின் பெயரிலேயே மூன்று நான்கு விமான நிலையங்கள் வருகின்றன, கட்டணமும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகிறது; எதைத் தேர்ந்தெடுப்பது, இறங்கிய பின் நகருக்குள் போக எது நல்ல வழி, திரும்பும் நாளில் எவ்வளவு முன்னதாகப் புறப்பட வேண்டும்?

மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் இவற்றுக்கு அடிப்படையான கணக்கு ஒன்றுதான். சீட்டில் அச்சாகியிருக்கும் வருகை நேரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தங்கப்போகும் இடத்தின் வாசலில் எத்தனை மணிக்கு நிற்போம் என்பதையும், திரும்பும்போது அதே வாசலை விட்டு எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும் என்பதையும் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைச் செய்தவுடன் மலிவாகத் தெரிந்த சீட்டுகளில் பாதி மலிவாக இராது; தொலைவாகத் தெரிந்த சில விமான நிலையங்கள் அருகில் வந்துவிடும்.

முதலில் பெயரைப் பற்றி. விமானச் சீட்டு விற்பனையில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருப்பதைப் போலவே, பல விமான நிலையங்களை உடைய நகரங்களுக்கு நகரம் முழுமைக்குமான ஒரு குறியீடும் உண்டு. லண்டனுக்கு எல்ஓஎன், பாரிசுக்கு பிஏஆர், டோக்கியோவுக்கு டிஒய்ஓ, நியூயார்க்குக்கு என்ஒய்சி. தேடும் இடத்தில் நகரத்தின் பெயரை மட்டும் இட்டால் இந்தப் பொதுக் குறியீட்டின் கீழ் வரும் எல்லா விமான நிலையங்களும் ஒரே பட்டியலில், கட்டண வரிசையில் வந்து நிற்கும். அந்தப் பட்டியலுக்கு நகராட்சி எல்லையோடு தொடர்பு எதுவும் இல்லை. லண்டனின் பெயரைத் தாங்கும் ஆறு விமான நிலையங்களில் ஹீத்ரோவும் லண்டன் சிட்டியும் மட்டுமே பெருலண்டன் எல்லைக்குள் இருக்கின்றன. கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சவுத்எண்ட் ஆகிய நான்கும் வெவ்வேறு மாவட்டங்களில் உள்ளன. நியூயார்க்குக்கு உரியதாகக் காட்டப்படும் நியூவார்க் விமான நிலையம் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. பாரிசின் பெயரில் விற்கப்படும் போவே, பாரிசுக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இவற்றையெல்லாம் மிஞ்சியது ஃபிராங்க்ஃபர்ட்-ஹான்: பெயரில் ஃபிராங்க்ஃபர்ட் இருந்தாலும் அந்நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், வேறொரு மாநிலத்தில் உள்ள முன்னாள் ராணுவ விமானத் தளம் அது. ஆகவே பட்டியலில் மலிவான வரியைத் தொடுவதற்கு முன் அந்த மூன்றெழுத்து எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நகரத்துக்கு ஏன் இத்தனை விமான நிலையங்கள் என்று புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். பழைய விமான நிலையம் பெரும்பாலும் நகரத்தை ஒட்டி இருக்கும். நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொள்ளும். ஓடுபாதையை நீட்ட இடம் இராது, இரைச்சலைப் பற்றிய புகார்களும் பெருகும். எனவே புதியது வெகு தொலைவில் கட்டப்படும். டோக்கியோவில் 1931இல் தொடங்கிய ஹனேடா நகர மையத்திலிருந்து 15 கிலோமீட்டர் அளவில் கடலோரத்தில் இருக்கிறது. 1978இல் சுமார் 60 கிலோமீட்டர் கிழக்கே நரிட்டா திறக்கப்பட்டதும் பன்னாட்டு விமானங்கள் ஏறத்தாழ முழுவதும் அங்கே மாற்றப்பட்டன. ஹனேடாவில் நான்காவது ஓடுபாதையும் புதிய பன்னாட்டு முனையமும் வந்த பிறகு, 2010 முதல் வழக்கமான பன்னாட்டுச் சேவைகள் அங்கே திரும்பத் தொடங்கின.

நகரத்துக்கு அருகில் இருப்பவற்றுக்குக் கட்டுப்பாடுகளும் அதிகம். லண்டன் சிட்டியின் ஓடுபாதை வெறும் 1,508 மீட்டர். வழக்கமாக 3 பாகைக் கோணத்தில் இறங்கும் விமானங்கள் அங்கே 5.5 பாகையில், இன்னும் கூடுதல் சரிவாக இறங்க வேண்டும். அதனால் அதற்கெனச் சான்று பெற்ற சிறிய விமானங்கள்தாம் அங்கே போகும். நியூயார்க்கின் லாகார்டியாவிலிருந்து, சனிக்கிழமையும் டென்வர் நகரமும் நீங்கலாக, 1,500 மைலுக்கு, அதாவது சுமார் 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் நேரடி விமானங்களை இயக்க விதி இடம் தருவதில்லை. வெகு தொலைவிலிருந்து வருபவருக்கு அருகில் உள்ள நிலையம் பட்டியலில் வராமலே போவதற்கு இத்தகைய காரணங்கள் இருக்கின்றன. தேடுபவரின் குறை ஏதும் இல்லை.

இனி, தொலைவுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு. இதை விளக்க இரண்டு விமான நிலையங்களின் கதையை அருகருகே வைத்துப் பார்ப்பதே போதும். கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக்காக 1975இல் மிராபெல் விமான நிலையம் திறக்கப்பட்டது. பெரும் நிலப்பரப்பைக் கையகப்படுத்தி, எதிர்காலத்துக்கென்று மிகப் பெரிதாகத் திட்டமிடப்பட்ட அதற்கு நகரிலிருந்து வரவேண்டிய விரைவு ரயில் கடைசிவரை வரவில்லை. உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வால் விமான நிலையத்திலேயே தங்கிவிட்டன. பன்னாட்டு விமானத்தில் இறங்கி உள்நாட்டு விமானத்தைப் பிடிக்க விரும்பியவர் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாலையில் போக வேண்டியிருந்தது. 2004இல் பயணிகள் சேவை முற்றிலும் நின்றது. முனையக் கட்டடமும் பின்னர் இடிக்கப்பட்டது. நார்வேயின் ஆஸ்லோவிலோ 1998இல் நகரை ஒட்டி இருந்த ஃபோர்னெபு விமான நிலையத்தை மூடிவிட்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி கார்டர்மோனைத் திறந்தார்கள். ஆனால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலையும் அதனோடு சேர்த்தே திட்டமிட்டார்கள். இன்றும் ஆஸ்லோவின் மைய நிலையத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடத்தில் போய்ச் சேரலாம். தொலைவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தண்டவாளத்தில் இருந்தது.

தண்டவாளம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அது எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷாங்காயின் புடோங் விமான நிலையத்திலிருந்து காந்த மிதவை ரயில் ஓடுகிறது. தொடக்கத்தில் மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட அந்த ரயில் 30 கிலோமீட்டரை எட்டு நிமிட அளவில் கடந்தது. ஆனால் அது போய் நிற்கும் லோங்யாங் சாலை நிலையம் நகர மையம் அல்ல. அங்கிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு மாறி, நகர மையத்துக்கு இன்னொரு பயணம் போக வேண்டும். அனுபவத்துக்காக ஒருமுறை ஏறிப் பார்க்கத் தகுந்த ரயில் என்பதில் எனக்கு ஐயமில்லை. நேரத்தைச் சேமிக்க அதுவே வழி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

லண்டன் இதற்கு இன்னும் தெளிவான உதாரணம். ஹீத்ரோவிலிருந்து மூன்று விதமாக ரயிலில் போகலாம். 1998இல் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிட அளவில் பேடிங்டன் நிலையத்தை அடையும். ஆனால் பேடிங்டன் மைய லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையின் ரயில்கள் இடையில் பல நிலையங்களில் நின்று சென்றாலும் நகரத்தின் நடுவே ஊடுருவி, சுமார் 40 நிமிடத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை மாறாமல் கொண்டுபோய் விடுகின்றன. 1977 முதல் ஹீத்ரோவைத் தொடும் பிக்காடிலி சுரங்கரயில் இவற்றுள் மெதுவானது, மலிவானது. நகர மையத்துக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்றாலும் அதன் பாதையிலேயே தங்குபவருக்கு மாறும் வேலை இல்லை. கிழக்கு லண்டனில் தங்குபவர் 15 நிமிட ரயிலில் ஏறிப் பேடிங்டனில் இறங்கி, படியும் நடைமேடையும் கடந்து இன்னொரு ரயிலுக்குக் காத்திருந்து போவதற்குள், எலிசபெத் பாதையில் உட்கார்ந்தவர் ஏறக்குறைய அதே நேரத்தில், குறைந்த செலவில் போய்ச் சேர்ந்திருப்பார். இதே கணக்கில், தெற்கே 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கேட்விக், லண்டன் பிரிட்ஜ் பகுதியில் தங்குபவருக்கு ஹீத்ரோவைவிடவும் வசதியானது. நேரடி ரயில் அரை மணி நேர அளவில் அங்கே சேர்த்துவிடும். ஆகவே 'எந்த விமான நிலையம் நல்லது' என்பதற்கு விடை, 'எந்தத் தெருவில் தங்குகிறீர்கள்' என்று திருப்பிக் கேட்காமல் கிடைக்காது.

டோக்கியோவிலும் இதே நிலைதான். நரிட்டாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நிப்போரியை 40 நிமிடத்துக்குள் தொடும். அது யுயெனோ, அசகுசா போன்ற வடகிழக்குப் பகுதிகளில் தங்குபவருக்குப் பொருந்தும். ஷின்ஜுகு, ஷிபுயா பக்கம் தங்குபவருக்கு, மெதுவாகவே போனாலும் மாறாமல் கொண்டுபோய் விடும் நரிட்டா எக்ஸ்பிரஸ் ஏற்றது. ஹனேடாவில் இறங்கினால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஷினகவாவுக்குக் கால் மணி நேரம் போதும். இரண்டு நிலையங்களுக்கும் கட்டண வேறுபாடு சிறிதாக இருந்தால் ஹனேடாவைத் தேர்ந்தெடுப்பதில் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ரயிலில் ஏறும்போது பலரும் தவறவிடும் ஒன்று, பாதை கிளை பிரிவது. பாரிசின் ஆர்ஈஆர் பி என்ற புறநகர் ரயில் பாதை வடக்கே ஓல்னே-சூ-புவா என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளைதான் சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் போகும், இன்னொன்று மித்ரி-கிளே என்ற இடத்துக்குப் போய்விடும். ஒரே நடைமேடையில் இரண்டு ரயில்களும் வரும். ஹீத்ரோவிலும் முனையம் 4க்குப் போகும் ரயிலும் முனையம் 5க்குப் போகும் ரயிலும் வேறுவேறு. நரிட்டாவில் முனையம் 1க்கு ஒரு நிலையம், 2க்கும் 3க்கும் சேர்த்து இன்னொரு நிலையம். சார்ல் து கோலிலும் அப்படியே இரண்டு நிலையங்கள். ஆகவே திரும்பும் பயணத்துக்கு விமான நிலையத்தின் பெயர் தெரிந்தால் போதாது. முனையத்தின் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும், அதையும் பயண நாளன்று மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சீட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்து விமானத்தை இயக்குவது அதன் கூட்டாளி நிறுவனமாக இருந்தால், இயக்கும் நிறுவனத்தின் முனையத்துக்கே போக வேண்டும்.

சாலைவழிப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூவர் நால்வராக, பெரிய பெட்டிகளோடு, நள்ளிரவில் வந்தால் டாக்சியே சரி. தனியாளாக, காலை அலுவலக நேரத்தில் வந்தால் அது நேரத்தையும் பணத்தையும் ஒருங்கே விழுங்கும். பாரிசில் 2016 முதல் சார்ல் து கோல், ஓர்லி ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் நகருக்கும் இடையே டாக்சிக்கு நிலையான கட்டணம் உண்டு. சேன் ஆற்றின் எந்தக் கரையில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையிலும் அத்தகைய நிலையான கட்டணம் உண்டு. இப்படி ஏற்பாடு உள்ள நகரங்களில் பேரம் பேசத் தேவையே இல்லை; வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து 'டாக்சி வேண்டுமா' என்று கேட்பவரோடு எந்த நகரத்திலும் போகக் கூடாது, உரிமம் பெற்ற வண்டிகள் வெளியே வரிசையில்தான் நிற்கும். மன்ஹாட்டனுக்கு மிக அருகில் உள்ள லாகார்டியாவுக்கு இன்றுவரை ரயில் இல்லை என்பதையும், அதற்கென வகுக்கப்பட்ட ரயில் திட்டம் 2023இல் கைவிடப்பட்டது என்பதையும், அங்கே இறங்குபவர் பேருந்தில் போய்ச் சுரங்கரயிலுக்கு மாற வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். பாரிசின் ஓர்லிக்கு மட்டும் நிலைமை நல்லபடியாக மாறியிருக்கிறது: 2024 ஜூன் முதல் 14ஆம் எண் மெட்ரோ நேராக அங்கே போகிறது. பழைய பயணக் குறிப்புகளில் இது இராது. இஸ்தான்புல்லுக்கும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்; 2019 ஏப்ரலில் பயணிகள் சேவை முழுவதும் அத்தாதுர்க்கிலிருந்து புதிய விமான நிலையத்துக்கு மாறிவிட்டது, மெட்ரோ அங்கே 2023 ஜனவரியில்தான் வந்தது.

அடுத்தது, பலருடைய திட்டத்தைக் கவிழ்க்கும் பகுதி: இரவு. சீட்டில் உள்ள வருகை நேரம், விமானம் முனையத்தின் வாயிலில் வந்து நிற்கும் நேரம். அதன் பிறகு கதவு திறந்து வெளியே வருவதற்கும், நீண்ட நடைபாதைகளைக் கடப்பதற்கும், குடியேற்ற வரிசைக்கும், பெட்டிக்கும், சுங்கத்துக்கும், ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்துச் சீட்டு வாங்குவதற்கும் நேரம் வேண்டும். உள்நாட்டுப் பயணமாக, கைப்பையோடு மட்டும் வந்தால் அரை மணி நேரம் ஒதுக்கலாம். பன்னாட்டுப் பயணத்தில், பெட்டியையும் போட்டிருந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக நான் கணக்கிடுவதில்லை. அதன் மேல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குப் பின்னும் ரயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு 10 மணிக்கு நரிட்டாவில் இறங்க வேண்டிய விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலே நகருக்கான கடைசி ரயில்கள் கைவிட்டுப் போகக்கூடும். 60 கிலோமீட்டருக்கு டாக்சி என்பது சீட்டில் மிச்சம் பிடித்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ளும். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் பிக்காடிலி ரயில்கள் விடிய விடிய ஓடுகின்றன. ஆனால் ஹீத்ரோவின் முனையம் 4க்கு அந்த இரவுச் சேவை இல்லை. இப்படிச் சிறு எழுத்தில் இருக்கும் செய்திகள்தாம் இரவில் முக்கியமாகின்றன.

விமான நிலையங்களுக்கே இரவுக் கட்டுப்பாடு இருப்பதும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரையும், சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரையும், நரிட்டாவில் நள்ளிரவு முதல் காலை 6 வரையும் விமானங்கள் கட்டுப்படுத்தப்படுகின்றன. அந்த நேரத்தை ஒட்டிப் புறப்படும் கடைசி விமானம் சற்றே பிந்தினால், புறப்பட அனுமதி கிடைக்காமல் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்படும். அந்த நேரத்தை ஒட்டி வந்துசேர வேண்டியது வேறோர் ஊருக்குத் திருப்பப்படவும் கூடும். எனவே இத்தகைய நிலையங்களில் அன்றைய கடைசி விமானத்தைத் தவிர்த்து அதற்கு முந்தையதைப் பிடிப்பது நல்லது.

ஒரே நகரத்தின் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். தேடும் தளங்கள் இத்தகைய இணைப்புகளை மலிவு விலையில் சாதாரணமாகக் காட்டிவிடுகின்றன. 'விமான நிலையம் மாறும்' என்ற குறிப்பு ஓர் ஓரத்தில் சிறிதாக இருக்கும். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுபவர் நேரடியாகப் போவதானால் லண்டனைச் சுற்றியுள்ள எம்25 நெடுஞ்சாலையில் பேருந்தில் போக வேண்டும். அந்தச் சாலை நெரிசலுக்குப் பெயர் பெற்றது. இஸ்தான்புல்லின் புதிய விமான நிலையம் ஐரோப்பியக் கரையிலும் சபிஹா கோக்சென் ஆசியக் கரையிலும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்தாக வேண்டும். ஷாங்காயில் ஹோங்சியாவ் விமான நிலையத்துக்கும் புடோங்குக்கும் இடையே நேரடி விரைவு ரயில் 2024 டிசம்பரில்தான் வந்தது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் விசா. விமான நிலையம் மாற வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். முனையத்துக்குள்ளேயே தங்கி அடுத்த விமானத்தைப் பிடிப்பவருக்கு விசா தேவைப்படாத நாடுகளிலும் இப்படி வெளியே வருபவருக்கு அது தேவைப்படலாம். அமெரிக்காவிலோ, ஒரே விமான நிலையத்தில் விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போவதானாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். விசா இல்லையென்றால் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். மேலும், இரண்டு விமானங்களும் தனித்தனிச் சீட்டுகளாக வாங்கப்பட்டிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது கைவிட்டுப் போனாலும் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. பெட்டியையும் நாமே எடுத்து மீண்டும் போட வேண்டும். ஒரே சீட்டாக இருந்து, குறைந்தபட்ச இணைப்பு நேரத்தை நிறுவனமே கணக்கிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது மாற்று விமானம் தர வேண்டியது அவர்கள் கடமை. தனிச் சீட்டுகளோடு விமான நிலையம் மாறுவதானால் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை ஏற்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. கூடுமானால் இடையில் ஓர் இரவு அந்த நகரத்தில் தங்கிவிடலாம்.

திரும்பும் பயணத்துக்குக் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். பன்னாட்டு விமானங்களில் பெட்டி வாங்கும் முகப்பு பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். ஏறும் வாயில் 15, 20 நிமிடம் முன்பே மூடப்படும். புறப்பாட்டு நேரம் என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம், நாம் போய் நிற்க வேண்டிய நேரம் அல்ல. முகப்பு மூடும் நேரத்திலிருந்து வரிசைக்கும் முனையத்தைத் தேடுவதற்கும் ஒரு மணி நேரம், ரயில் பயண நேரம், ஒரு ரயில் தவறினால் அடுத்தது வரும் இடைவெளி, தங்குமிடத்திலிருந்து நிலையத்துக்கு நடை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கிளம்ப வேண்டிய மணி கிடைக்கும். இதைச் செய்யும்போது வந்த நாளின் அனுபவத்தை அப்படியே நம்பக் கூடாது. செவ்வாய்க்கிழமை மதியம் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓடிய ரயில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணிக்கு ஒன்றாக ஓடலாம். ஐரோப்பிய நகரங்களில் தண்டவாளப் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும்தான் நடக்கும். காலை 6 மணி விமானத்துக்கு நாளின் முதல் ரயிலே தாமதமாகிவிடும் நகரங்கள் பல. அத்தகைய சீட்டு மலிவாக இருப்பதற்கு அதுவே ஒரு காரணம்.

இரண்டாவது வழி ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதும் அவசியம். ஓசாகாவின் கன்சாய் விமான நிலையம் 1994இல் கடலுக்குள் செயற்கைத் தீவில் கட்டப்பட்டது. சாலையும் ரயிலும் ஒரே பாலத்தின் மேல்தான் போகின்றன. 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி சூறாவளியில் நங்கூரம் இழுபட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்று அந்தப் பாலத்தில் மோதியது; ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே இரவைக் கழித்தார்கள், பின்னர் படகுகளிலும் பேருந்துகளிலும் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். இது அரிதான நிகழ்வு. ஆனால் வேலைநிறுத்தமும் சிக்னல் கோளாறும் அவ்வளவு அரிதல்ல. ரயில் நின்றுவிட்டால் எந்தப் பேருந்து, எங்கிருந்து என்று முந்தின இரவே பார்த்துவைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

பெரிய பெட்டிகளோடு கடைசி நாளை நகரத்தில் கழிக்க விரும்புபவருக்குச் சில நகரங்களில் நல்லதொரு வசதி உண்டு. ஹாங்காங்கில் விமான நிலைய ரயிலின் நகர நிலையத்திலேயே, சில விமான நிறுவனங்களின் பயணிகள், பெட்டிகளை ஒப்படைத்து ஏறும் அட்டையைப் பெறலாம். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலிலும் தில்லியின் விமான நிலைய மெட்ரோ நிலையங்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எந்தெந்த நிறுவனங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன என்பது அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போகும் விமான நிலையமும் திரும்பும் விமான நிலையமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரவில் வந்து சேர்வதானால் கூடுதலாகக் கொடுத்தாவது நகரத்துக்கு அருகில் உள்ளதில் இறங்கி, நண்பகலில் திரும்புவதானால் தொலைவில் உள்ள மலிவானதிலிருந்து புறப்படலாம். ரயில்கள் நிறைய ஓடும் நேரத்தில் தொலைவு பெரிதாகத் தெரியாது. சில வேளைகளில் அந்த நகரத்துக்குள் போகாமலே இருப்பதும் சரியான தேர்வு. சார்ல் து கோலின் இரண்டாம் முனையத்துக்குக் கீழே 1994 முதல் அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. லியோனுக்கோ லீலுக்கோ போகிறவர் பாரிசுக்குள் நுழையாமல் அங்கிருந்தே ரயில் ஏறலாம். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலும் 1999 முதல் நெடுந்தூர ரயில் நிலையம் உண்டு. கொலோன் செல்பவர் அங்கிருந்து ஒரு மணி நேர அளவில் போய்விடலாம்.

கடைசியாக ஒரு சட்டக் குறிப்பு, பலருக்கும் தெரியாதது. சீட்டு ஒரு விமான நிலையத்துக்கு இருக்க, நிறுவனம் அதே நகரத்தின் இன்னொரு விமான நிலையத்துக்கு மாற்று விமானம் தருவது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறையின் 8ஆம் பிரிவு, அத்தகைய நிலையில் மாற்று விமான நிலையத்திலிருந்து முதலில் பதிவு செய்த விமான நிலையத்துக்கோ, பயணியும் ஒப்புக்கொள்ளும் அருகிலுள்ள வேறோர் இடத்துக்கோ போகும் செலவை விமானத்தை இயக்கும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்கிறது. ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் இது பொருந்தும். அந்த இடத்திலேயே பேருந்து ஏற்பாடு செய்யும்படி முதலில் முகப்பில் கேட்க வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் ரயில், பேருந்துச் சீட்டுகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, விமான எண்ணையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.